குட்டி பிசி அசெம்பிள் பண்றீங்களா? 7 மில்லிமீட்டருக்கு நான் கட்டின 12,100 ரூபாய்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஆன்லைன் கார்ட். மொத்தம் 63,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, இது ஓகேவா? 12 மணிக்கு ஆஃபர் முடியுது."

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சம்பளம் கையில் 34,000. சேர்ந்து இரண்டு வருஷம் ஆகுது, இதுவரை சேர்த்து வெச்சிருக்கிறது 94,000. அதில் மூணில் ரெண்டு பங்கு அந்தக் கார்ட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தது.

வழக்கமா இந்த மாதிரி கேள்வி வந்தா நான் "தேவையா, ஆசையா"ன்னு ஆரம்பிப்பேன்னு நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அதைக் கேட்கலை. ஏன்னா கார்ட்டைப் பார்த்த ஒரு நிமிஷத்தில் வேற ஒண்ணு கண்ணில் பட்டுச்சு: அந்தப் பொருள்கள் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாலும், அதை வெச்சு ஒரு கம்ப்யூட்டர் உருவாகாது. ஒண்ணோட ஒண்ணு சேராது. மூணு இடத்தில் தப்பு.

இது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு ஆடிட்டர், ஹார்டுவேர் ஆள் இல்லை. ஆனா 2023 ஜூலையில் இதே தப்புகளை என் சொந்தக் காசில் பண்ணியிருக்கேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

ஜூலை மாசம், அதுவும் ரிட்டர்ன் சீசன்

2023 ஜூலை 12. வருமான வரி ரிட்டர்ன் போட ஜூலை 31 கடைசி நாள். என் லேப்டாப் அன்னைக்குக் காலையில் உயிரை விட்டுடுச்சு. வாடகை வீடு, ஒரே மேஜை, அதில் பாதி மனைவியோட ஆபீஸ் வேலைக்கு. பெரிய சிபியு வைக்க இடமில்லை. சரி, ஷூ பெட்டி அளவில் ஒரு குட்டி பிசி அசெம்பிள் பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன். பத்து நிமிஷ வீடியோ ரெண்டு பார்த்தேன். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

ரைசன் 5 5600ஜி ப்ராசசர் வாங்கினேன். ஆஃபர் விலையில் கிடைச்சது. பழைய ஸ்டாக் பி450 மதர்போர்டு ஒண்ணு, மினி ஐடிஎக்ஸ் சைஸ், மத்ததை விட ரெண்டாயிரம் குறைவு, எடுத்தேன். அழகா ஒரு கேபினெட். ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ். நாலு கடையில் எங்கே எது குறைவோ அங்கே வாங்கினேன். கணக்குப் பார்க்கிறவன் இல்லையா, ரொம்பப் பெருமையா இருந்தது.

17ஆம் தேதி எல்லாம் வந்துடுச்சு. மாட்டி முடிச்சு, பக்கத்துத் தகட்டை மூடப் போறேன், மூடலை. ப்ராசசர் பெட்டியோடவே வர்ற கூலர் 54 மில்லிமீட்டர் உயரம். அந்தக் கேபினெட்டுக்குள்ள கூலருக்கு இருந்த இடம் 47 மில்லிமீட்டர். கேபினெட்டோட பக்கத்திலேயே அது எழுதியிருந்தது. நான் படிக்கலை.

சரி, திறந்தே ஓட்டலாம்னு பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுத்துது. ஸ்க்ரீனில் ஒண்ணும் வரலை. ரேம் ரிப்பேர்னு நினைச்சு ரீப்ளேஸ்மென்ட் போட்டேன். புது ரேம் 22ஆம் தேதி வந்தது. அதே கதை. 24ஆம் தேதி திங்கட்கிழமை பெட்டியைத் தூக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரத் தம்பி மதர்போர்டில் ஒரு குட்டி ஸ்டிக்கரைப் பார்த்தார். "சார், பயாஸ் ரொம்பப் பழசு. இந்த போர்டு வந்தப்போ உங்க ப்ராசசர் பொறக்கவே இல்லை"ன்னார். அவர்கிட்ட இருந்த ஒரு பழைய ரைசன் ப்ராசசரைப் போட்டு ஆன் பண்ணி, பயாஸை அப்டேட் பண்ணி, என்னோடதை மாட்டினார். டிஸ்ப்ளே வந்துடுச்சு. 500 ரூபாய்.

உயரம் குறைவான கூலர் 3,800. அதுவரைக்கும் வாடகை லேப்டாப், ஒரு நாளைக்கு 200 ரூபாய், 14 நாளைக்கு 2,800. அந்த வாடகை லேப்டாப்பில் 4 ஜிபி ரேம். ஷேர் பரிவர்த்தனை நிறைய இருக்கிற எக்ஸெல் ஷீட்டைத் திறந்தா காபி போட்டுட்டு வந்துடலாம். வேலை குவிஞ்சு, ஒரு கிளையன்ட்டோட ரிட்டர்ன் ஜூலை 31 ராத்திரிக்குள்ள முடியலை, ஆகஸ்ட் 1ஆம் தேதி போச்சு. லேட் ஃபீ 5,000. தப்பு என்னோடது, அதனால நான்தான் கட்டினேன்.

கூட்டிப் பாருங்க: 500, 3,800, 2,800, 5,000. மொத்தம் 12,100 ரூபாய். நாலு கடையில் அலைஞ்சு நான் மிச்சம் பிடிச்சது மூவாயிரம் கூட இருக்காது.

கேபினெட்டில் இருந்து ஆரம்பிங்க

பெரிய பிசி அசெம்பிள் பண்றவங்க ப்ராசசரில் ஆரம்பிப்பாங்க, கேபினெட்டைக் கடைசியா பார்த்துக்கலாம். எது வாங்கினாலும் உள்ள போயிடும். குட்டி பிசியில் இது தலைகீழ். கேபினெட்தான் முதல் முடிவு, மத்த எல்லாம் அதுக்குக் கட்டுப்பட்டது.

குட்டி பிசின்னு நான் சொல்றது மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு போடறதை. 2001இல் வியா கம்பெனி கொண்டுவந்த அளவு இது: 170க்கு 170 மில்லிமீட்டர், சதுரம். கார்டு செருக ஒரே ஒரு ஸ்லாட், ரேமுக்குப் பெரும்பாலும் ரெண்டே ஸ்லாட்.

கேபினெட்டோட விவரப் பக்கத்தில் நீங்க தேட வேண்டியது மூணு எண். கூலருக்கு எவ்வளவு உயரம் இடம். கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு நீளம், எத்தனை ஸ்லாட் தடிமன். எஸ்எம்பிஎஸ் எந்த வகை. கலர், லைட், கண்ணாடி எல்லாம் அப்புறம்.

உதாரணத்துக்கு, கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட் கிட்டத்தட்ட 18 லிட்டர் கொள்ளளவு. அதில் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரமான கூலரும், 330 மில்லிமீட்டர் வரைக்கும் கிராபிக்ஸ் கார்டும் போகும். ஆனா அதிலேயே கண்ணாடிப் பக்கத்தை மாட்டினா கூலர் இடம் பாதியாகிடும். இன்னொரு முனையில் ஏஎஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300: 155க்கு 155க்கு 80 மில்லிமீட்டர், ரெண்டு லிட்டருக்கும் குறைவு. கூலர் 46 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், கிராபிக்ஸ் கார்டுக்கு இடமே கிடையாது, ரேம் கூட லேப்டாப் ரேம்தான் போடணும். ரெண்டுமே "குட்டி பிசி"தான். ஆனா ஒண்ணுக்கு வாங்கின பொருள் இன்னொண்ணுக்கு ஆகாது.

54 மில்லிமீட்டருக்கு மேல் இடம் இருக்கிற கேபினெட் எடுத்தா, ஏஎம்டி ப்ராசசர் பெட்டியில் இலவசமா வர்ற கூலரே போதும். நாற்பத்தி சொச்சம் மில்லிமீட்டர் கேபினெட் எடுத்தா நாக்டுவா மாதிரி கம்பெனிகளோட 37 மில்லிமீட்டர் கூலர் தனியா வாங்கணும், அது மூவாயிரம், நாலாயிரம். அதாவது கேபினெட் விலையைப் பார்க்கும்போது அது உங்களை வேற என்ன வாங்க வைக்குதுன்னும் சேர்த்துப் பார்க்கணும். அப்படியே தனியா கூலர் வாங்கினா, அதோட தகடு ரேம் மேல நீட்டிக்கிட்டு இருக்கான்னும் பாருங்க. தலையில் கிரீடம் வெச்ச மாதிரி உயரமான ரேம் அங்கே இடிக்கும்.

கார்ட்டில் இருந்த மூணு தப்பு

இப்போ மச்சினன் கார்ட்டுக்கு வருவோம்.

முதல் தப்பு: ரைசன் 5 5600. நல்ல ப்ராசசர்தான். ஆனா என்கிட்ட இருந்தது 5600ஜி. அந்த ஒரு எழுத்துதான் விஷயம். 5600இல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம மானிட்டரில் எதுவுமே தெரியாது. கார்ட்டில் கார்டு இல்லை. "அது தீபாவளி போனஸ்ல வாங்கிக்கறேன் மாமா"ன்னான். அதுவரைக்கும் 63,000 ரூபாய்க்கு ஒரு ஃபேன் சுத்தும்.

இதை இப்படி ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்டெல்லில் பேரோட கடைசியில் எஃப் வந்தா உள்கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் ஜி இருந்தா மட்டும்தான் உண்டு. புது ஏஎம்5 சாக்கெட்டில் 7600 மாதிரி பெரும்பாலானதில் டிஸ்ப்ளே வர்ற அளவுக்கு ஒரு சின்ன கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப் மாதிரி எஃப் போட்டதில் இல்லை. கேம், எடிட்டிங் எல்லாம் உள்கிராபிக்ஸிலேயே ஓரளவு ஓட்டணும்னா 5600ஜி, 8600ஜி மாதிரி ஜி வகைதான்.

ரெண்டாவது தப்பு: பி550 மதர்போர்டுக்கு டிடிஆர்5 ரேம். பி550ங்கிறது ஏஎம்4. அது டிடிஆர்4 மட்டும்தான் எடுக்கும். வெட்டு இருக்கிற இடமே வேற, அழுத்தினாலும் உள்ள போகாது. ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டும். இன்டெல்லில்தான் குழப்பம்: 12, 13, 14ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1700 சாக்கெட்டில் சில போர்டு டிடிஆர்4, சில போர்டு டிடிஆர்5. ஒரே மாடல் பேரில் ரெண்டும் வரும், அதனால பேரை முழுசா படிங்க.

இது சின்னத் தப்பு இல்லை. 2025 கடைசி மாசங்களில் இருந்து ஏஐ சர்வர்களுக்கான தேவையால் ரேம் விலை தாறுமாறா ஏறியிருக்கு. முன்னாடி பில்லில் கடைசி வரியா இருந்த ரேம், இப்போ ப்ராசசரோட போட்டி போடுது. தப்பான ரேம் வாங்கினா அடி பலமா விழும்.

மூணாவது தப்பு எஸ்எம்பிஎஸ். அவன் எடுத்த கேபினெட்டில் எஸ்எஃப்எக்ஸ் மட்டும்தான் போகும், கார்ட்டில் இருந்தது ஏடிஎக்ஸ். ஏடிஎக்ஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 நீளம். எஸ்எஃப்எக்ஸ்-எல்னு ஒண்ணு இருக்கு, அது 130 நீளம். எல்லா எஸ்எஃப்எக்ஸ் கேபினெட்டிலும் அந்த எல் வகை போகும்னு நம்பிடாதீங்க.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். 65 வாட் ப்ராசசர்னு போட்டிருந்தாலும் வேலை ஏறும்போது அது 88 வாட் வரைக்கும் இழுக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லைன்னா நல்ல கம்பெனியோட 450 வாட் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி கார்டு பின்னாடி போடற எண்ணம் இருந்தா (அது மட்டுமே 115 வாட்) என்விடியா சொல்றது 550 வாட். 80 ப்ளஸ் பிரான்ஸ், கோல்டுன்னு பெட்டியில் இருக்கிற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிறதை மட்டும்தான் சொல்லும். உள்ளே போட்டிருக்கிற பாகம் நல்லதாங்கிறதுக்கு அது சர்டிஃபிகேட் இல்லை. வாரண்டி எத்தனை வருஷம்னு பாருங்க, அது கொஞ்சம் நேர்மையான அளவுகோல்.

இன்னொண்ணு. கழட்டி மாட்டுற கேபிள் இருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில், வேற பிராண்டோட கேபிளை எடுத்துச் செருகாதீங்க. மதர்போர்டு பக்கம் பின் எல்லாம் ஒரே மாதிரி. ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வெச்சிருக்கு. செருக முடியும், அதுதான் ஆபத்து. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனா எஸ்எஸ்டி, மதர்போர்டு எல்லாம் ஒரே நொடியில் காலி. இதுக்கு வாரண்டியும் வராது.

"ரீப்ளேஸ்மென்ட் ஒன்லி"ங்கிற ரெண்டு வார்த்தை

இவ்வளவு சொன்னதும் மச்சினன் கேட்டான், "சேரலைன்னா ரிட்டர்ன் போட்டுடலாமே மாமா?"

கார்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ப்ராசசர், மதர்போர்டு, ரேம் மூணிலும் 7 நாள் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்னு இருந்தது. அதாவது பொருள் பழுதா இருந்தா அதே பொருளை இன்னொண்ணு தருவாங்க. உங்க போர்டுக்குப் பொருந்தலைங்கிறது பழுது இல்லை. டிடிஆர்5 ரேமைத் திருப்பிக் கொடுத்தா, அவங்க சட்டப்படி தரக்கூடியது இன்னொரு டிடிஆர்5 ரேம். காசு வராது. அப்புறம் ஓஎல்எக்ஸ்ஸில் 20, 30 சதவீதம் நஷ்டத்தில் விக்கணும்.

அதனாலதான் பொருத்தம் பார்க்கிறதை நான் டெக்னிக்கல் விஷயமா பார்க்கலை, பண விஷயமா பார்க்கறேன்.

ஆபீஸில் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம்ம புத்தகத்தையும் பக்கத்தில் வெச்சு டிக் அடிப்போம் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். மதர்போர்டு கம்பெனியோட வெப்சைட்டில் அந்த மாடலுக்கு "சிபியு சப்போர்ட்"னு ஒரு பட்டியல் இருக்கும். உங்க ப்ராசசர் பேர் அதில் இருக்கா, எந்த பயாஸ் வெர்ஷனில் இருந்து ஓடும்னு பார்த்துக் குறிச்சுக்கோங்க. கடைக்காரர்கிட்ட அந்த வெர்ஷன் போட்டுத் தர முடியுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. இது ஏஎம்4க்கு மட்டும் இல்லை. 2022இல் வந்த பி650 போர்டு பழைய ஸ்டாக்கா கிடைச்சா, அப்புறம் வந்த 8000ஜி, 9000 வரிசைகளுக்கு அங்கேயும் பயாஸ் அப்டேட் தேவைப்படும். ப்ராசசரே இல்லாம பென்டிரைவ் வெச்சு அப்டேட் பண்ற பட்டன் சில போர்டில் பின்பக்கம் இருக்கும். அது இருந்தா ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. எனக்கு அது இருந்திருந்தா ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

பிசிபார்ட்பிக்கர் மாதிரி தளத்தில் பாகங்களைப் போட்டா சாக்கெட், ரேம் வகை மாதிரி பெரிய தப்புகளைக் காட்டிடும். கூலர் உயரம், கேபிள் வளையற இடம் மாதிரி விஷயங்களுக்கு அதை மட்டும் நம்பாம கேபினெட் மேனுவலையும் படிங்க.

மிச்ச ரெண்டு மூணு விஷயத்தை வேகமா சொல்லிடறேன். எம்.2ங்கிறது எஸ்எஸ்டியோட வடிவம்தான், உள்ளே என்விஎம்இயா சாட்டாவான்னு தனியா பார்க்கணும், போர்டு எதை எடுக்கும்னும் பார்க்கணும். 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான் இருக்குங்கிறதால வைஃபை போர்டிலேயே இருக்கிறதா எடுங்க. கேபினெட் முன்பக்கம் டைப்-சி இருந்தா அதுக்கான செருகுமிடம் போர்டில் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அது வெறும் ஓட்டை.

ரேம் மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். ரெண்டே ஸ்லாட். 16 ஜிபி வேணும்னா 8 ஜிபி ரெண்டா, 16 ஜிபி ஒண்ணா? உள்கிராபிக்ஸ் வெச்சு ஓட்டுறவங்க ரெண்டு குச்சிதான் போடணும். உள்கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போடும், ஒத்தை ரேமில் அது நொண்டும். ஆனா பின்னாடி 32 ஆக்கணும்னா ரெண்டையும் கழட்டித் தூரப் போடணும். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறவங்க, இன்னைக்கு விலையில், ஒரே 16 வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியா விட்டா எனக்குச் சம்மதம்தான். போட்டதும் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணுங்க. 3200 வேகத்துக்குக் காசு கொடுத்துட்டு பல பேர் 2400லேயே வருஷக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருக்காங்க.

சின்னதா இருக்கிறதுக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?

என் 2023 பில்கள் இன்னும் ஃபைலில் இருக்கு. மினி ஐடிஎக்ஸ் போர்டு 8,800, எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் 7,400, கேபினெட் 6,900. மொத்தம் 23,100. அதே வாரம் ஒரு கடையில் மைக்ரோ ஏடிஎக்ஸுக்கு வாங்கின கொட்டேஷனும் இருக்கு: போர்டு 6,100, எஸ்எம்பிஎஸ் 3,900, கேபினெட் 2,600. மொத்தம் 12,600. வேகத்தில் துளி வித்தியாசம் இல்லை. 10,500 ரூபாய் முழுக்க முழுக்க சைஸுக்குக் கொடுத்தது.

எனக்கு அது சரி, மேஜையில் இடமில்லை. மச்சினனுக்கும் ஒரு காரணம் இருந்தது: பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை ரூம் மாறுவான், பஸ்ஸில் மடியில் வெச்சு எடுத்துட்டுப் போகணும். உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லை, இன்ஸ்டாகிராமில் அழகா இருந்ததுன்னுதான் ஆசைன்னா, மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்கிட்டு மிச்சப் பத்தாயிரத்தை எமர்ஜென்சி ஃபண்டில் போடுங்க. கோபிச்சுக்காதீங்க.

எக்ஸெல், ஜூம், டேலி, யூட்யூப், அவ்வளவுதான் வேலைன்னா அசெம்பிளே வேண்டாம். கம்பெனிகள் லீஸ் முடிஞ்சு வெளியே விடற திங்க்சென்டர் டைனி, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எலைட்டெஸ்க் மினி மாதிரி குட்டிப் பெட்டிகள் ரீஃபர்பிஷ்டா கிடைக்கும். இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதுக்கு மேலே மட்டும் எடுங்க. அதுக்குக் கீழே விண்டோஸ் 11 சப்போர்ட் இல்லை, விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு.

ஏஎம்5 வாங்கினா நாளைக்கு ப்ராசசர் மட்டும் மாத்திக்கலாமே, ஏஎம்4 முடிஞ்ச சாக்கெட்தானேன்னு கமென்ட்டில் கண்டிப்பா யாராவது எழுதுவீங்க. உண்மைதான். ஆனா எனக்குத் தெரிஞ்சு அப்படி மாத்தினவங்களை ஒரு கை விரலில் எண்ணிடலாம். நாளைக்கு வரலாம்ங்கிற ஒரு வசதிக்கு இன்னைக்குச் சம்பளத்தில் இருந்து கொடுக்கிறதை நான் சொல்ல மாட்டேன்.

பில், இஎம்ஐ, வரி: என் ஏரியா

கணினி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 மாற்றத்தில் பல பொருள்களுக்குக் குறைஞ்சது, இதுக்கு இல்லை. கடையில் "பில் வேண்டாம்னா ரேட் குறைச்சுத் தரோம்"னு சொல்வாங்க. வேண்டாம். அசெம்பிள் பண்ண பிசிக்கு மொத்தமா ஒரு வாரண்டி கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி, தனி சர்வீஸ் சென்டர். சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் இல்லைன்னா நாலாவது மாசம் மதர்போர்டு போனா நீங்களும் எஸ்டிமேட் சீட்டும் மட்டும்தான். ப்ராசசர் பெட்டியோட வாங்குங்க. ஏஎம்டி பெட்டிக்கு 3 வருஷ வாரண்டி, ட்ரேயில் இருந்து எடுத்துத் தர்ற சில்லறைக்குக் கம்பெனி வாரண்டி இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தி தனி வீடியோவே போட்டிருக்கேன். சுருக்கமா, வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சாலும் அந்த வட்டிக்கு பேங்க் போடற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில்தான். 2,500 வட்டின்னா 450. ப்ராசசிங் ஃபீ தனி. நாலு கடையில் நாலு பாகம் வாங்கினா நாலு இஎம்ஐ, நாலு ஃபீ.

இந்தச் செலவை வரியில் கழிக்க முடியுமான்னு நிறைய பேர் கேட்கறீங்க. சம்பளம் மட்டும்தான் வருமானம்னா முடியாது. வீட்டில் இருந்து வேலை செஞ்சாலும் முடியாது. உங்களுக்கு இருக்கிறது புது முறையில் 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அவ்வளவுதான். அதுக்குப் பதிலா கம்பெனியே தன் பேரில் வாங்கி உங்களுக்குப் பயன்படுத்தத் தர முடியுமான்னு எச்ஆரைக் கேளுங்க. கம்பெனி தர்ற கணினியைப் பயன்படுத்தறதுக்கு உங்க சம்பளத்தில் வரி சேராது.

சைடில் ஃப்ரீலான்ஸ் பண்ணி, அதுக்குக் கணக்கு வெச்சு ரிட்டர்ன் போடறவங்களுக்கு 2025-26 நிதியாண்டு நிலவரம் இது. கணினிக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம். 40,000 பொருள், 7,200 ஜிஎஸ்டி, மொத்தம் 47,200னு வெச்சுக்கோங்க. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர், முழுக்கத் தொழிலுக்கே பயன்படுத்தினா, 47,200க்கு 40 சதவீதம், 18,880 கழிக்கலாம். பதிவு இருக்கிறவர் 7,200ஐ உள்ளீட்டு வரியா எடுத்துக்கிட்டா தேய்மானம் 40,000க்கு மட்டும்தான், ரெண்டையும் சாப்பிட முடியாது. அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா பாதிதான், அதாவது அக்டோபர் முதல் சில நாளுக்குள்ள அசெம்பிள் பண்ணி ஓட ஆரம்பிச்சிருக்கணும். பாகமா பெட்டியில் தூங்கினா கணக்கில் வராது. பாதி உத்தேச வருமானம் காட்டுற முறையில் போறவங்களுக்கு இது எதுவுமே தனியா கிடையாது. அப்புறம் முக்கியமா, ஒரே நாளில் ஒரே கடைக்கு 10,000க்கு மேல் கேஷா கொடுத்தா அந்தத் தொகைக்குத் தேய்மானமே கிடையாது. யுபிஐ பண்ணுங்க.

கடைசியில் என்ன வாங்கினான்?

12 மணி ஆஃபர் போயிடுச்சு. மூணு நாள் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தான், அக்காகிட்ட வேற புகார். அடுத்த வாரம் ஒரு ஷீட் போட்டு அனுப்பினான். முதல் வரி கேபினெட், கூலருக்கு 70 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அதனால பெட்டியோட வர்ற கூலரே போதும். 5600ஜி, வைஃபை இருக்கிற பி550 மினி ஐடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 8 ஜிபி ரெண்டு, 500 ஜிபி என்விஎம்இ, 450 வாட் எஸ்எஃப்எக்ஸ். பயாஸ் வெர்ஷனைக் கடைக்காரர்கிட்ட கேட்டு, அவர் அனுப்பின ஃபோட்டோவையும் ஷீட்டில் ஒட்டி வெச்சிருந்தான். 54,000 சொச்சம். ஆஃபர் இல்லாம, இஎம்ஐ இல்லாம, ஒரே கடை, ஒரே பில். கையில் 40,000 கிட்ட மிஞ்சியிருக்கு. அவன் ரூம் வாடகை, மெஸ் எல்லாம் சேர்த்து ரெண்டரை மாசம் தாங்கும்.

முதல் தடவை ஆன் பண்ணும்போது வீடியோ கால் பண்ணினான். ஃபேன் சுத்துச்சு, ஸ்க்ரீன் கருப்பாவே இருந்தது. எனக்கு 2023 ஜூலை ஞாபகம் வந்து வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் பார்த்தா மானிட்டரில் எச்டிஎம்ஐ ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு செலக்ட் ஆகியிருந்தது.

அவன் போட்ட ஷீட்டை அவன்கிட்ட கேட்டு வாங்கி, விலையை மட்டும் காலி பண்ணி, இந்த வார வீடியோவோட டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கேன். கூலர் உயரக் கட்டம் சிவப்பா மாறினா கேபினெட்டை மாத்துங்க. உங்க கார்ட்டை கமென்ட்டில் போடறவங்க தயவுசெஞ்சு மாடல் பேரைக் கடைசி எழுத்து வரைக்கும் முழுசா டைப் பண்ணுங்க.